மூன்றடி மடையும் முக்கால் விரலும்

நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பத்துப் பத்தாக ஏறுகிற மீட்டர் கணக்குத்தான் புத்தியுள்ள கணக்கு, அடியும் அங்குலமும் விரலும் நாழியும் படிக்காதவர்கள் உண்டாக்கிய குழப்பம் என்று பெரியவன் சொன்னான். சின்னவள் அதை ஒத்துக்கொள்ளாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியிலே எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கணக்கில் பிழை இருக்காது.

உங்கள் அம்மாவும் நானும் குடித்தனம் தொடங்கிய நாட்களில், ஒரே பகலுக்குள் எத்தனை கணக்குப் பார்த்தோம் என்று யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அரிசிப் பானையில் நாலு உழக்கு ஒரு நாழி. களத்திலே இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. துணிக்கடையில் மூன்றடி ஒரு கெஜம். வடசேரிச் சந்தையில் ராத்தல். சுசீந்திரம் கோவிலில் பூசை வேளையைப் பற்றிப் பேசினால் நாளுக்கு அறுபது நாழிகை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றால் நாளுக்கு இருபத்து நாலு மணி. நாலு, இருபத்தொன்று, மூன்று, அறுபது, இருபத்து நாலு. இவற்றை ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொண்டவர் ஒருவரை நான் கண்டதில்லை. எந்தப் பொருளைத் தொட்டோமோ அதன் கணக்குக்கு மனசு தானாக மாறிக்கொள்ளும்.

ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு கணக்கில் தொடும்போதுதான் வினை வரும். அப்படி ஒருமுறை வந்தது. என் வேலையே போயிருக்கும்.

அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். நான் மராமத்து வேலையில் மேஸ்திரி. தினக்கூலிதான், நிரந்தரம் கிடையாது. எங்கள் பக்கத்து ஊர்க் குளத்தில் பழைய மடை இடிந்துபோயிருந்தது. மடை என்றால் குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுகிற வாய். முதல் போகமான கன்னிப்பூ அறுப்பு முடிந்து, அடுத்த போகமான கும்பப்பூ நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் வருவதற்குள் புது மடை கட்டியாக வேண்டும். இரண்டு பக்கமும் கல்தூண். தூணில் மேலிருந்து கீழே ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதைக் காடி என்போம். அந்தக் காடிக்குள் இரும்புக் கதவு ஏறி இறங்கும். கதவை நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவர்சியர் திருவனந்தபுரத்துப் பக்கத்துக்காரர். பேச்சில் பாதி மலையாளம், தண்ணீரை வெள்ளம் என்பார். அவர் கொடுத்த வரைபடத்தில் காடிக்குக் காடி அகலம் மூன்றடி, உயரம் நாலடி. கல்வேலைக்கு வந்த ஆசாரியாருக்கோ அடியும் வேண்டாம் அங்குலமும் வேண்டாம். இடுப்பில் செருகிய கோல்தான் அவருக்கு எல்லாம்.

"உங்க டேப்பு வெயிலுக்கு நீளும், மழைக்குச் சுருங்கும். எனக்க கோலு எனக்க அப்பனுக்கும் இதே நீளந்தான்," என்றார்.

"அப்ப நான் விரல்ல மாத்திச் சொன்னா செய்வீரா?"

"விரல்ல சொன்னா மலையைக்கூடச் செதுக்குவேன். ஆனா ஒண்ணு, ஆயம் பாக்காம நான் கல்லு நிறுத்தமாட்டேன். அதை இப்பமே சொல்லிட்டேன்."

ஆயம் என்பது வீடு கட்டும்போது பார்க்கிற ஒரு கணக்கு என்று எனக்குத் தெரியும். மடைக்கு எதற்கு ஆயம், சும்மா சொல்கிறார் என்று தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை இன்று வரை மறக்கவில்லை.

அவருடைய கோலை வாங்கி என் டேப்பால் அளந்தேன். இருபத்தெட்டரை அங்குலம் இருந்தது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகக் கோல் இருநூற்று இருபத்தெட்டு நூல். ஒரு கோலுக்கு இருபத்து நாலு விரல். வகுத்தால் ஒரு விரல் ஒன்பதரை நூல். இப்படி இரண்டு கணக்குக்கும் நூல் பொதுவாக வந்ததும், இரண்டு ஊர்க்காரர் பேச ஒரு பாஷை கிடைத்த மாதிரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றடி என்றால் இருநூற்று எண்பத்தெட்டு நூல். முப்பதேகால் விரலுக்கு அரை நூல் போலக் கூட. கதவு தடையில்லாமல் ஓடுவதற்காக நாலு நூல் குறைத்துத்தான் பட்டறையில் அடிக்கிறார்கள், ஆகையால் அரை நூல் ஒரு பொருட்டில்லை. நாலடி உயரம் நாற்பதரை விரல்.

அகலம் முப்பதேகால், உயரம் நாற்பதரை. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஆசாரியாரிடம் சொன்னேன். அவரும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

பெரியவனே, இங்கே ஒன்று கவனி. அங்குலத்தை எட்டாகவும் கோலை இருபத்து நாலாகவும் ஏன் பிரித்தார்கள்? கையில் ஒரு கயிறு இருக்கிறது என்று வைத்துக்கொள். பாதியாக மடி, மறுபடி மடி, இன்னொரு தடவை மடி. எட்டு வந்துவிட்டது. அளவுகோல் எதுவும் வேண்டாம். இருபத்து நாலைப் பாதி, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று எப்படி வெட்டினாலும் முழு விரலாக நிற்கும். பத்தை மூன்று பேருக்குப் பங்கு வைத்துப் பார், தெரியும். தாளில் எழுதிக் கூட்டவும் பெருக்கவும் உன் பத்துதான் சுகம், ஒத்துக்கொள்கிறேன். உளியும் கயிறுமாக நிற்கிறவனுக்கு எட்டும் இருபத்து நாலும் கைக்கு அடங்கும்.

தூண் நிறுத்துகிற இரண்டு நாளும் நான் செங்கல் சூளையில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுண்ணாம்பு பூசி எல்லாம் இறுகியிருந்தது. உயரத்தை மட்டும் அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அகலத்தை அளக்கவில்லை. கணக்கை மூன்று தடவை சரிபார்த்தவன் கல்லை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

இரும்புக் கதவு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கிக் காடிக்குள் இறக்கினோம். உள்ளே போனது. போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்தக் காடியில் ஒட்டினால் அந்தக் காடியை விட்டு வெளியே வந்தது. கடைமடையில் வயல் வைத்திருந்த ஒரு அண்ணாச்சி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கடைசி வயலான அவர் வயலுக்குக் கிடைக்கும்.

"என்ன மேஸ்திரி, மடைக்குக் கதவு வச்சீரா, பிள்ளைக்குத் தொட்டில் கட்டினீரா? இந்தா, நல்லா ஆடுகே! ஒரு தாலாட்டும் பாடும்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் டேப்பை வைத்து அளந்தேன். மூன்றடிக்கு மேல் ஆறரை நூல்.

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். "எடோ மேஸ்திரீ, தன்ற கணக்கு தெற்றிப் போச்சு. இங்கிலீஷ் அளவை விரலாக்கிக் கொடுக்க தன்னை யாரு சொன்னது?"

"சார், கணக்கு சரிதான் சார். தாளு என்கிட்ட இருக்கு."

"தாளை வச்சு வெள்ளத்தை அடைப்பியா? இன்னும் ஆறு நாளில் கால்வாயில வெள்ளம் வரும். அஞ்சாம் நாள் எஞ்சினியர் சார் வரும். கல்லைப் பிடுங்கினா ஒரு மாசம். பிடுங்கலேன்னா வெள்ளம் நிக்காது. நான் என்ன எழுதட்டும்? மேஸ்திரிக்கு அளவு மாற்றத் தெரியல்லா, அதான் எழுதணும்."

அப்படி எழுதினால் என் கதை முடிந்தது. வேறு எந்த வேலையிலும், அளவு தெரியாத மேஸ்திரி என்ற பேர் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

நேரே ஆசாரியாரிடம் போனேன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஆசாரியாரே, நான் சொன்ன அகலம் என்ன?"

"முப்பதேகாலு."

"நீரு வச்சது?"

"முப்பத்தொண்ணு," என்றார், வெகு சாதாரணமாக. "ஆயம் பாத்து வச்சேன்."

"மடைக்கு என்னத்துக்குவே ஆயம்?"

"வாய் உள்ள எதுக்கும் ஆயம் உண்டு. வீட்டுக்கு வாசல் வாய். கொளத்துக்கு மடை வாய். ஊருக்கே சோறு வாற வாய், அதுக்குப் பாக்காம வேற எதுக்குப் பாப்பேன்?"

பிறகு அவர் விளக்கினார். நாலு பக்கத்தையும் கூட்டிச் சுற்றளவை விரலில் எடுக்க வேண்டும். அதை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். மீதி எத்தனை நிற்கிறது என்பதுதான் ஆயம். ஒன்று கொடி, மூன்று சிங்கம், ஐந்து காளை, ஏழு யானை. இவை நல்லவை. நாலு நாய், ஆறு கழுதை, ஆகாது. மேற்கே பார்த்த வாய்க்குக் காளைதான் நிற்க வேண்டும். நான் கொடுத்த அளவுக்குச் சுற்றளவு நூற்று நாற்பத்தொன்றரை. மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் மீதி அரை. அதனால் அகலத்தில் முக்கால் விரல் கூட்டி, சுற்றளவை நூற்று நாற்பத்து மூன்றாக்கினார். மீதி ஐந்து. காளை.

பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்த ஓவர்சியர், "அரை மிச்சம் வந்தா அது என்ன மிருகம் ஓய்? அரைக் கழுதையா?" என்றார்.

"அரைன்னா பொறக்கவே இல்லைன்னு அர்த்தம்," என்றார் ஆசாரியார். "பொறக்காததை வச்சு ஊருக்குச் சோறு போடப் போறேரா?"

ஓவர்சியருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நாலு நாளில் சரியாக வேண்டும், இல்லையென்றால் எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

வழி ஒன்று உடனே தோன்றியது. இரண்டு காடியிலும் மரச்சட்டம் இறக்கி அகலத்தைக் குறைக்கலாம். படகு செய்கிற அயினி மரத்தில் சட்டம் அறுத்தால் தண்ணீரில் உளுக்காது, ஊறி உப்பி இடைவெளியையும் அடைக்கும். சொன்னதுமே ஆசாரியார் உளியைக் கீழே வைத்தார்.

"முக்கால் விரலைக் குறைச்சா திரும்பவும் அரை மிச்சம். சட்டத்தை அடியும். நான் எனக்க ஆளுகளைக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு வெளச்சல் கொறஞ்சா எனக்க பேரைத்தான் சொல்லுவானுக."

கடைமடை அண்ணாச்சியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஆசாரி சொல்லுகதும் சரிதானே மேஸ்திரி. ஆயம் கெட்ட மடையில ஏம்வே தண்ணி பாய்ச்சணும்?"

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ஆசாரியாரு கல்லைத் தொடமாட்டேங்காரு, ஓவர்சியரு எழுதிருவேங்காரு. எனக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல்ல."

"ரெண்டு பேரும் பொய் சொல்லல்லயே," என்றாள். "ஓவர்சியருக்கு அகலம் வேணும். ஆசாரியாருக்குச் சுத்தளவு வேணும். ரெண்டும் வேற வேறதானே? நீங்க ஏன் ஒண்ணா நினைச்சு மாரடிக்கிய?"

சாப்பிட்ட கையைக் கழுவக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் குளத்துக்குள் காய்ந்த இடமாகப் பார்த்து நாலு முளை அடித்தேன். அகலம் முப்பத்தொன்று, உயரம் நாற்பதரை. மடை வாயைத் தரையில் படுக்க வைத்த மாதிரி. தேங்காய்த் தும்புக் கயிறு ஒன்றை நாலு முளையையும் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கயிற்றின் நீளம்தான் சுற்றளவு. பிறகு ஒரு பக்கத்து முளைகள் இரண்டையும் பிடுங்கி முக்கால் விரல் உள்ளே தள்ளி அடித்தேன். கயிறு தளர்ந்தது. கீழ்ப்பக்கத்து முளைகள் இரண்டையும் கயிறு மறுபடி விறைக்கும் வரை வெளியே தள்ளினேன். எவ்வளவு தள்ளினேன் என்று அளந்தேன். முக்கால் விரல்.

அகலத்தில் எடுத்ததை உயரத்தில் கொடுத்துவிட்டால் சுற்றளவு மாறாது. தாளில் எழுதினால் ஒரு வரிக் கணக்கு. ஆனால் ஆசாரியாருக்குத் தாள் வேண்டாம், கயிறு வேண்டும். வந்தவரைக் கூப்பிட்டு, முளைகளைப் பிடுங்கி, முதலிலிருந்து செய்து காட்டினேன். அவர் தன் கோலை வைத்து நாலு பக்கமும் அளந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முப்பதேகாலும் நாற்பத்தொன்றேகாலும் எழுபத்தொன்றரை, இரட்டித்தால் நூற்று நாற்பத்து மூன்று.

"காளை நிக்குகு," என்றார் கடைசியில். "ஆனா உயரத்தை எங்க கூட்டுவேரு? மேல உத்தரக்கல்லு இருக்கே."

"மேல வேண்டாம். கீழ படிக்கல்லுல முக்கால் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டும். கதவுக்க அடி அதுக்குள்ள இறங்கி இருக்கட்டும்."

"அப்ப அடியில ஒழுக்கும் நிக்கும்," என்றார். அது எனக்கு அதுவரை தோன்றவில்லை. ஓவர்சியர் வந்ததும் எனக்கே தோன்றியது போலச் சொல்லாமல், ஆசாரியார் சொன்னது என்றே சொன்னேன். ஓவர்சியர் கதவின் உயரத்தை அளந்தார். மடை வாயைவிட ஆறு அங்குலம் கூடுதலாக இருந்ததால் இறங்குவதற்குத் தடையில்லை.

"செய்யடோ. ஆனா அளவு தெற்றினா பழைய வாக்குதான்," என்றார்.

மூன்று நாள் வேலை. ஆசாரியார் படிக்கல்லில் குந்தியிருந்து கொத்தினார். நான் பக்கத்திலேயே டேப்போடு உட்கார்ந்து ஒவ்வொரு சாணுக்கும் அளந்தேன். "இப்பிடி மூக்கை நீட்டினா மூக்கையும் சேத்துக் கொத்திருவேன் வே," என்று இரண்டு தடவை திட்டினார். நான் நகரவில்லை. சட்டம் பக்கத்துக்கு மூன்றரை நூல் கனத்தில் அயினியில் அறுத்து வந்தது. இறக்கி ஆணி அடித்தோம்.

எஞ்சினியர் வந்த அன்று அவர் டேப்பை வைத்தார். மூன்றடி என்றார். ஆசாரியார் பக்கத்தில் நின்று தன் கோலை வைத்து முப்பதேகால் என்றார். இரண்டையும் காதால் கேட்டபோது எனக்கு நெஞ்சு விரிந்தது. பரீட்சையில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது. குளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏற, கதவின் இரண்டு ஓரத்திலும் விரல் கனத்துக்குத் தண்ணீர் சீறியது. அடியில் ஒரு சொட்டு இல்லை, ஓரத்தில்தான். அண்ணாச்சி, "தொட்டில் நின்னுட்டு, பிள்ளை மூத்திரம் போகுகு," என்றார்.

"மரம் ஊறணும். மத்தியானம் வரைக்கும் பொறுங்க," என்றேன். மடைக்கு வெளியே சேற்றில் இறங்கி நின்று ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரல் கனம் ஈர்க்குக் கனமானது. ஈர்க்கு நூலானது. வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டு ஓரத்திலும் ஈரப் பசை மட்டும் இருந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, கதவின் ஓரம் முழுக்க உள்ளங்கையால் தடவினார். படிக்கல்லையும் குனிந்து தடவினார். கையை எல்லோருக்கும் காட்டினார்.

"கடைமடை வரைக்கும் இந்த வருசம் நடவு உண்டுவே," என்று கரையில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். என்னை அவர் கிண்டல் செய்யாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் ஓவர்சியர் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். அதே கால்வாயில் இன்னும் மூன்று மடைகள் கட்ட உத்தரவாகியிருந்தது. புது வரைபடத்தை மேசையில் விரித்தார். அகலம் மூன்றடி, உயரம் நாலடி ஓர் அங்குலம், படிக்கல்லில் பள்ளம் என்று அவரே மாற்றிப் போட்டிருந்தார்.

"இந்த அளவுக்கு ஆசாரி சண்டை பிடிக்குமோ?"

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். "பிடிக்காது சார். மூணும் மேற்க பாத்த மடைதானே?"

"மேற்குதான். ஆனாலும் நீ விரலையும் பக்கத்தில எழுது. இனி ரெண்டும் தாளில் இருக்கட்டும்."

இங்கிலீஷில் இருந்த ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தமிழில் விரலை எழுதினேன். முப்பதேகால் விரல். நாற்பத்தொன்றேகால் விரல். மூன்று தாளிலும் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அவர் தன் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கீழே ஒப்புப் போடு. அளவு மாற்றினது யாரெந்நு எஞ்சினியர் சார் அறியணும்."

மேஸ்திரி வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. மூன்றிலும் போட்டேன். மை காயும் வரை அந்தத் தாள்களை மடிக்க விடாமல், அவர் முன்னாலேயே மேசையை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.